பின்வளைந்த ஹேண்டில்பார் ஸ்டெம்முக்குள் சுழல்கிறது: எந்த ஸ்டெம் பிடிக்கும்?

வடசென்னைபெடல்:

வணக்கம். ஹைபிரிட் சைக்கிளில் இருந்த நேர் ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு, கைப்பிடி நம்மைப் பார்த்து வளைந்து வரும் நார்த் ரோடு வகை மாட்டியிருக்கிறேன். உட்காரும் வாகு நன்றாக இருக்கிறது. ஆனால் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கைப்பிடி முனைகள் கீழே சரிந்துவிடுகின்றன. விவரம்:

ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை): திரெட்லெஸ் (மேல்தண்டில் மரை இல்லாதது), 1-1/8 அங்குலம்.
ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு): அலுமினியம், 90 மி.மீ. நீளம், 31.8 மி.மீ. பிடிப்பு, ஃபேஸ்பிளேட்டில் (ஹேண்டில்பாரை முன்னாலிருந்து அழுத்தும் மூடி) இரண்டே போல்ட் (எம்5, அதாவது 5 மி.மீ. தடிமன்).
ஹேண்டில்பார்: ஸ்டீல், குரோம் பூச்சு, நடுவில் 25.4 என்று சொல்லி விற்றது.
இடையில்: 31.8-ஐ 25.4 ஆக்கும் அலுமினிய ஷிம் (இடைவெளியை நிரப்பும் வளையம்). ஒரே துண்டு, ஒரு பக்கம் வெட்டு.
கைப்பிடியின் நடுப்பகுதி ஸ்டெம்மின் பிடிப்பு மையத்திலிருந்து 17 செ.மீ. பின்னால் இருக்கிறது.

எல்-கீயில் முடிந்தவரை இறுக்கியாகிவிட்டது. டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் சாவி) அப்போது இல்லை, இப்போது இருக்கிறது. இதே ஸ்டெம்மை வைத்துச் சரிசெய்ய வழி உண்டா? இல்லை வேறு வாங்க வேண்டுமென்றால் எந்த அளவு, எத்தனை போல்ட், என்ன நீளம்? ஆங்கிளை மாற்றிக்கொள்ளும் அட்ஜஸ்டபிள் ஸ்டெம் ஒன்று கடையில் இருக்கிறது, அது சரிப்படுமா?

ஸ்போக்குசாவி:

முதலில் மேற்கொண்டு இறுக்குவதை நிறுத்துங்கள். இரண்டு போல்ட் ஸ்டெம்மில் அடுத்து நடக்கப்போவது, அலுமினியத்தில் உள்ள திரெட் உரிவது.

ஏன் சுழல்கிறது என்று ஒரு தோராயக் கணக்கு. நேர் ஹேண்டில்பாரில் உள்ளங்கை பிடிப்பு மையத்திலிருந்து 3 செ.மீ. அளவுக்குத்தான் பின்னால் இருக்கும். கையில் 20 கிலோ சாய்ந்தால் ஸ்டெம்மில் விழும் முறுக்கு 6 நியூட்டன் மீட்டர். உங்கள் கம்பியில் அதே 20 கிலோ 17 செ.மீ. தள்ளி உட்காருகிறது: 33 நியூட்டன் மீட்டர். வேகத்தடையில் சுமை இரண்டு மூன்று மடங்கு எகிறும். அப்போது 70, 100 வரை போகும்.

பிடிப்புப் பக்கம் பாருங்கள். எம்5 போல்ட் ஒன்றை 5 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் சுமார் 5,000 நியூட்டன், அதாவது அரை டன் இழுவிசை கிடைக்கும். இரண்டு போல்ட்டுக்கு ஒரு டன். உராய்வுக் கெழு 0.15 என்று வைத்தால், 25.4 கம்பியை அது தாங்கிப் பிடிக்கும் முறுக்கு 38 நியூட்டன் மீட்டர் அளவுதான். சும்மா சாய்ந்து ஓட்டவே 33 தேவைப்படுகிறது. நான்கு போல்ட் என்றால் 76. கம்பியும் ஸ்டெம்மின் குழியும் சுற்றிலும் ஒட்டி உட்கார்ந்தால் அதே போல்ட்களே இன்னும் பாதி கூட்டித் தரும், 120 வரை. மேலும் கீழும் இரண்டு கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கூடுதல் கிடைக்காது. எனவே போல்ட் எண்ணிக்கை பாதிக் கதை, அளவு கச்சிதமாகப் பொருந்துவது மீதிப் பாதி.

வாங்குவதற்கு முன் எந்த இடம் வழுக்குகிறது என்று தெரிய வேண்டும். உங்கள் அமைப்பில் மூன்று சந்தேக இடங்கள் உண்டு:

ஒன்று, ஸ்டெம்முக்கும் ஷிம்முக்கும் நடுவே.
இரண்டு, ஷிம்முக்கும் கம்பிக்கும் நடுவே. பெரும்பாலும் இதுதான். அழுத்தம் ஒன்றாக இருந்தாலும் உள்வட்டம் சிறியது, அதனால் முதலில் இது விட்டுக்கொடுக்கும்.
மூன்று, விலை குறைந்த ஸ்டீல் கம்பிகளில் 22.2 குழாயின் நடுவில் 25.4 உறை ஒன்றை அழுத்தி ஏற்றியிருப்பார்கள். அந்த உறைக்குள்ளேயே குழாய் சுழலும். அப்படியென்றால் உலகத்தில் எந்த ஸ்டெம்மும் உதவாது.

பெயின்ட் மார்க்கரால் ஸ்டெம், ஷிம் விளிம்பு, உறை, குழாய் நான்கின் மேலும் விழும்படி ஒரே நேர்கோடு போடுங்கள். ஒருமுறை சரிந்ததும் கோடு எந்த எல்லையில் உடைந்திருக்கிறது என்று பாருங்கள். கூடவே வெர்னியரால் கம்பியின் நடுவை அளக்கவும்: ஒரே இடத்தில் நிமிர்த்தி ஒருமுறை, குறுக்காக ஒருமுறை. பிடிப்புக்கு வெளியே உள்ள தடித்த பகுதியிலும் அதேபோல.

அட்ஜஸ்டபிள் ஸ்டெம் வேண்டாம். அதன் மூட்டு ஒரே போல்ட்டிலும் சின்னப் பற்களிலும் நிற்கிறது. 17 செ.மீ. நெம்புகோலுக்கு அது இன்னொரு வழுக்கும் இடம். பல் ஒருமுறை தேய்ந்தால் திரும்பச் சரிவராது.

மூணாவதுகியர்:

மேலே சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் புது ஸ்டெம்முக்கு முன்னால் செலவு குறைந்த ஒன்றைச் செய்து பாருங்கள் ப்ரோ. கார்பன் அசெம்பிளி பேஸ்ட். பெயரில்தான் கார்பன், உள்ளே இருப்பது நுண்ணிய கடினத் துகள்கள். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவிலும் நன்றாகப் பிடிக்கும், குறிப்பாகக் குரோம் போன்ற வழவழப்பான பரப்பில். எல்லாவற்றையும் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, ஷிம்மின் உள்ளும் வெளியும் மெல்லிய பூச்சு. பட்டாணி அளவு போதும்.

கடைகளில் நடக்கும் ஒரு தவறு: துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று ஹேண்டில்பார் பிடிப்பில் கிரீஸ் தடவி அனுப்புவார்கள். கிரீஸ் போக வேண்டிய இடம் போல்ட்டின் திரெட்டும் தலைக்கு அடிப்பகுதியும்தான். காய்ந்த திரெட்டில் இறுக்கினால் நம் பலத்தில் பெரும்பங்கு திரெட் உராய்விலேயே தீர்ந்துவிடும், ரெஞ்ச் 5 காட்டும், பிடிப்பு அந்த அளவு வந்திருக்காது.

ஸ்போக்குசாவி:

பேஸ்ட் நல்லதுதான், ஆனால் அளவு பொருந்திய இடத்தில் மட்டும். இடைவெளி இருக்கும் இடத்தில் பேஸ்ட் போட்டால் இரண்டு நாள் நன்றாக இருப்பதுபோல் காட்டும், பிறகு பழைய கதைதான். மார்க்கர் சோதனை முடிவு வரட்டும்.

ராடுபிரேக்:

ஒரு துணைக் குறிப்பு. நம் ஊர் ராடு பிரேக் ரோட்ஸ்டரில் இதே வளைவுக் கம்பிதான், ஆனால் யாரும் இந்தப் புகாரோடு வந்ததில்லை. காரணம், அதில் ஹேண்டிலும் ஸ்டெம்மும் பிரேசிங் செய்து (பித்தளை உருக்கி ஒட்டி) ஒரே துண்டாக வருபவை. சுழல்வதற்குப் பிடிப்பே கிடையாது. சாய்வைத் தன் இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது, அது வேறு விஷயம்.

பழைய குவில் ஸ்டெம் (ஃபோர்க்கின் தண்டுக்குள் இறங்கிப் பிடிக்கும் வகை) சைக்கிள் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் சேர்த்து:

சாதாரண 1 அங்குல திரெட் ஃபோர்க்கில் இறங்கும் குவில் விட்டம் 22.2. இது ஹேண்டில்பார் பிடிப்பின் அளவு அல்ல, இரண்டையும் குழப்பிக்கொண்டு வாங்குகிறார்கள். பிடிப்பு அளவு தனி: நிட்டோவின் ஆல்பட்ராஸ், போஸ்கோ போன்ற பின்வளைந்த கம்பிகள் 25.4. பழைய ரேஸ் சைக்கிளின் குவில் ஸ்டெம் பெரும்பாலும் 26.0. வித்தியாசம் 0.6 மி.மீ. தானே, இறுக்கினால் மூடிவிடும் என்று தோன்றும். மூடும், ஆனால் ஸ்டெம்மின் காதுகள் (போல்ட் போகும் இரு முனைகள்) வளைந்து மூடும், கம்பியை இரண்டு கோட்டில்தான் கடிக்கும். 0.3 மி.மீ. தடிமன் ஷிம் ஒரே சுற்று வைத்தால்தான் முறை. குளிர்பான டின் தகடு ஒரு சுற்று 0.1 மி.மீ. வாக்கில் வரும், மூன்று சுற்று சுற்றினால் அளவு சரி, ஆனால் தகடும் தகடும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். நிமிர்ந்து ஓட்டும் கம்பிக்கு அது தாங்காது.

ஒற்றை போல்ட் குவில் ஸ்டெம்மில் வளைந்த கம்பியை நுழைப்பதே ஒரு வேலை. கைப்பிடி, பிரேக் லீவர் எல்லாவற்றையும் கழற்றி ஒரு முனையிலிருந்து வளைத்து வளைத்து ஏற்ற வேண்டும். வளைவில் சிக்கினால்: போல்ட்டை முழுக்க எடுத்துவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து, திரெட் உள்ள காது வழியாகத் திருப்பிப் போடுங்கள். இரண்டு காதுகளுக்கு நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகினால் போல்ட் முனை அதில் முட்டி வாயைத் திறக்கும். ஒரு மில்லிமீட்டர் திறந்தால் போதும். வார்ப்பு அலுமினியத்தில் பேராசைப்பட்டால் விரிசல்தான். திரெட் காதில் இல்லாமல் தனி நட் போட்ட ஸ்டெம்மில் இந்த வித்தை நடக்காது.

அதுவும் முடியாத அளவுக்கு வளைவு இறுக்கமாக இருந்தால் குவில் அடாப்டர் இருக்கிறது: கீழே 22.2 குவில், மேலே 28.6 (1-1/8 அங்குலம்) தண்டு. அதில் சாதாரண திரெட்லெஸ் ஸ்டெம், நான்கு போல்ட் ஃபேஸ்பிளேட் போட்டுக்கொள்ளலாம். குவில் மீதுள்ள குறைந்தபட்ச நுழைவுக் கோடு வெளியே தெரியாதபடி இறக்க வேண்டும். குவிலுக்கு வெளியே கிரீஸ் கட்டாயம் உண்டு. இல்லாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் ஃபோர்க்கோடு ஒட்டிக்கொள்ளும்.

வடசென்னைபெடல்:

எல்லோருக்கும் நன்றி. மார்க்கர் சோதனை முடிவு: கோடு உடைந்தது ஷிம்முக்கும் கம்பிக்கும் நடுவில். உறை என்று தனியாக எதுவும் இல்லை, குழாயே நடுவில் தடித்திருக்கிறது.

அளவு: பிடிப்பு இருந்த இடத்தில் நிமிர்த்தி 25.0, குறுக்காக 25.4. பிடிப்புக்கு வெளியே இரண்டு பக்கமும் எப்படி அளந்தாலும் 25.3. தடித்த பகுதியின் மொத்த நீளம் 58 மி.மீ. ஷிம்மின் வெட்டு கீழ்ப்பக்கம் பார்த்து இருந்தது. அந்த இடத்தில் கம்பியில் ஒரு நீளக் கோடு, குரோம் லேசாகப் பெயர்ந்திருக்கிறது.

ஸ்போக்குசாவி:

விடை கிடைத்துவிட்டது, ஆனால் நல்ல செய்தி இல்லை. வெளியே 25.3 இருக்கும் குழாய் உள்ளே 25.0-க்கும் 25.4-க்கும் மாறியிருக்கிறது என்றால் அது நசுங்கியிருக்கிறது. கம்பி வாங்கும்போது சரியாகத்தான் இருந்திருக்கும், 0.1 குறைவெல்லாம் எந்த ஸ்டெம்மும் பொருட்படுத்தாது. வெட்டின் இரண்டு விளிம்பும் கத்திபோலக் கம்பியில் இறங்கியதைத்தான் அந்த நீளக் கோடு சொல்கிறது. ஒற்றைத் துண்டு ஷிம்மில் வெட்டுக்கு நேர் எதிரே வளைய இடமில்லை, மூட முடிவது வெட்டு உள்ள பக்கம் மட்டும். இறுக்க இறுக்க வட்டம் நீள்வட்டமானது. நீள்வட்டமானதும் தொடும் பரப்பு குறைந்து மேலும் வழுக்கியது. எல்-கீயால் போராடியது முழுக்க எதிர்த்திசையில் வேலை செய்திருக்கிறது.

இந்தக் கம்பியைத் திரும்பப் போட வேண்டாம். ஹேண்டில்பாரில் அதிகபட்ச வளைவு விசை விழும் இடமே ஸ்டெம்மின் விளிம்பு. அங்கே நசுங்கலும் கீறலும் இருந்தால் முறிவு அங்கிருந்துதான் தொடங்கும். ஸ்டீல் பெரும்பாலும் வளைந்து எச்சரித்துவிட்டு முறியும், அலுமினியம் அந்த மரியாதைகூடத் தராது. எதுவானாலும் அந்த விலைக்கு முன்பல்லைப் பணயம் வைக்க வேண்டாம்.

புதிதாக இரண்டும் வாங்கப்போகிறீர்கள் என்பதால் வழி இரண்டு.

முதல் வழி: 25.4 கம்பி, நேரடியாக 25.4 பிடிப்புள்ள நான்கு போல்ட் ஸ்டெம், ஷிம் கிடையாது. 28.6 ஸ்டியரருக்கு (ஃபோர்க்கின் மேல்தண்டு) பொருந்தும் 25.4 ஸ்டெம்கள் பழைய எம்டிபி (மலை சைக்கிள்) வகையில் இன்னும் கிடைக்கின்றன. நீங்கள் இருக்கும் நிலையில் இதுவே என் தேர்வு.

இரண்டாம் வழி: நடுவிலேயே 31.8 உள்ள பின்வளைந்த கம்பி. சர்லி மோலோக்கோ, ஜோன்ஸ் லூப் ஆகியவை அப்படி வருபவை. விட்டம் கால் பங்கு பெரிது என்பதால் அதே போல்ட் இறுக்கத்தில் பிடிப்பும் கால் பங்கு கூடும். விலைதான் வேறு ரகம். இருக்கிற இரண்டு போல்ட் ஸ்டெம்மை மட்டும் அதோடு சேர்க்காதீர்கள்.

கடையில் ஸ்டெம்மைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை: ஃபேஸ்பிளேட் அகலம் 40 மி.மீ. பக்கம் இருந்தால் நல்லது. ஆனால் கம்பியின் தடித்த பகுதி அதைவிட 5 மி.மீ.யாவது நீளமாக இருக்க வேண்டும். சில வளைவுக் கம்பிகளில் தடித்த பகுதி 45-50தான், அதில் அகலமான ஃபேஸ்பிளேட் போட்டால் ஓரம் சரிவில் ஏறி நின்று நடுவில் பிடிக்காது. குழியின் உள்பரப்பு மிஷின் செய்த மெல்லிய வரிகளோடு இருக்கலாம், உள்ளே தடித்த பெயின்ட் இருந்தால் வேண்டாம். பெயின்ட் நாளடைவில் நசுங்கி இறுக்கம் தளரும். ஃபேஸ்பிளேட் நடுவில் பெரிய ஜன்னல் வெட்டி எடை குறைத்த அழகு மாடல்களும் உங்களுக்கு அல்ல.

மூணாவதுகியர்:

ஒரு எச்சரிக்கை. 'நான்கு போல்ட், கனமான பிளாக், செம பிடிப்பு' என்று பிஎம்எக்ஸ் (சாகசம் செய்யும் சின்ன சைக்கிள்) ஸ்டெம்மைக் கையில் திணிப்பார்கள். பிடிப்பு உண்மையிலேயே பிரமாதம், உயரமான பிஎம்எக்ஸ் கம்பிக்கும் இதே நெம்புகோல் பிரச்சினை என்பதால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் வழக்கமான பிஎம்எக்ஸ் பிடிப்பு 22.2. 25.4 கம்பி அதில் போகாது. நீளமும் 50 மி.மீ. சுற்றுவட்டாரம்தான்.

நீளக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கை 14 செ.மீ. பின்னால் வந்துவிட்டது (17-லிருந்து பழைய கம்பியின் 3-ஐக் கழித்தால்). 90 மி.மீ. ஸ்டெம்மோடு அது மிக நெருக்கம். எழுந்து மிதித்தால் முழங்கால் கைப்பிடியில் இடிக்கும், மெதுவாகத் திரும்பும்போது உள்பக்கக் கைப்பிடி தொடையில் முட்டும். 120 அல்லது 130 எடுங்கள். 14 செ.மீ. முழுவதையும் ஸ்டெம்மில் ஈடுகட்ட முயல வேண்டாம், நிமிர்ந்து உட்காரத்தானே இந்தக் கம்பி. ஸ்டெம் நீளமானாலும் சுழற்றும் முறுக்கு அதிகரிக்காது. கைக்கும் பிடிப்பு மையத்துக்கும் உள்ள தூரம் அப்படியேதான் இருக்கிறது.

வடசென்னைபெடல்:

25.4 கம்பி, 25.4 நான்கு போல்ட், 120 மி.மீ. என்று முடிவு செய்துவிட்டேன். ஃபேஸ்பிளேட் 42, புதுக் கம்பியின் தடித்த பகுதி 60. வெர்னியரில் எந்தப் பக்கம் அளந்தாலும் 25.4. மாட்டும் வரிசையும், சரியாக மாட்டியிருக்கிறது என்று ஓட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளும் வழியும் சொல்லுங்கள். பழைய கேபிள்கள் போதுமா?

ஸ்போக்குசாவி:

ஸ்டியரர் பக்கத்தை முதலில் முடியுங்கள். ஸ்டெம்மை ஏற்றி, மேல்மூடி போல்ட்டால் ஹெட்செட் (ஃபோர்க் திரும்பும் பேரிங்) ஆட்டம் போகும் வரை மட்டும் இறுக்கி, சக்கரத்தோடு நேர் பார்த்து, பக்க போல்ட்கள் இரண்டையும் மாற்றி மாற்றி இறுக்கவும். மேல்மூடி வேலை ஆட்டத்தை எடுப்பது, ஸ்டெம்மைப் பிடிப்பது அல்ல.

கம்பியையும் குழியையும் ஆல்கஹாலில் துடைத்து, பேஸ்ட் மெல்லியதாக. போல்ட் திரெட்டுக்கு ஒரு துளி கிரீஸ். கம்பியை நடுவில் வைத்து, கைப்பிடிகள் பின்பக்கம் 10 பாகை அளவு தாழ்ந்திருக்கும்படி சாய்த்து, நான்கு போல்ட்டையும் விரலால் தொடும் வரை. பிறகு குறுக்கும் மறுக்குமாக: மேல் இடது, கீழ் வலது, மேல் வலது, கீழ் இடது. ஒரு சுற்றுக்கு 1 நியூட்டன் மீட்டராக ஏற்றிக்கொண்டு போங்கள். மேலேயும் கீழேயும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். சில ஸ்டெம்களில் மட்டும் மேல் இடைவெளியை முழுக்க மூடிவிட்டுக் கீழ் போல்ட்டை இறுக்கச் சொல்லியிருப்பார்கள், பெட்டித் தாளைப் பாருங்கள். கடைசி அளவு ஸ்டெம்மில் அச்சிட்டிருப்பதே. எம்5-க்கு 5 அல்லது 6 என்று இருக்கும். குறுக்குச் சுற்று முடிந்ததும் முதல் போல்ட்டைத் திரும்பப் பாருங்கள், அது நிச்சயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

சோதனை: மார்க்கர் கோடு மறுபடியும். முன்சக்கரத்தைச் சுவரில் முட்டி, முன் பிரேக்கைப் பிடித்து, கைப்பிடிகளின் கடைசி முனையில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து உடம்பு எடையைக் கீழே குத்துங்கள், நான்கைந்து முறை. பிறகு மேல்நோக்கி இழுங்கள், ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போது விசை அப்படித்தான் வரும். கோடு முடி அளவு நகர்ந்தாலும் கழற்றி மறுபடி அளக்கவும், அச்சிட்ட எண்ணுக்கு மேல் இறுக்கக் கூடாது. நகரவில்லையென்றால் ஓட்டுங்கள். 50 கி.மீ. கழித்து ரெஞ்சை ஒருமுறை வைத்துப் பார்க்கவும்.

எமரித்தாள், டியூப் ரப்பர், கம்பியோடு சேர்த்துத் துளையிட்டு ஆணி அடிப்பது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எமரியின் துகள் உதிர்ந்து தாள் மட்டும் மிஞ்சும், ரப்பர் நசுங்கிக்கொண்டே இருக்கும், துளை போடுவது விசை அதிகம் விழும் இடத்தில் நாமே விரிசலைத் தொடங்கிக் கொடுப்பது.

ராடுபிரேக்:

கேபிளுக்குப் பதில்: லீவர் வாய் இப்போது பின்னால் போய், கேபிள் முன்பக்கம் வளைந்து சுற்றி வர வேண்டியிருக்கும். நேர் கம்பிக்கு வெட்டிய அவுட்டர் (கேபிளின் வெளி உறை) பெரும்பாலும் எட்டாது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், எங்கேயாவது இழுத்தால் புது அவுட்டர், புது இன்னர் (உள்ளே ஓடும் ஒயர்). கைப்பிடிப் பகுதி 22.2 என்றால் பழைய லீவர், ஷிஃப்டர் அப்படியே ஏறும். ஏற்றுவதற்கு முன் வளைவு தொடங்கும் இடம்வரை நேர்ப்பகுதி எவ்வளவு என்று அளக்கவும். கைப்பிடி, ஷிஃப்டர், லீவர் மூன்றும் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் கைப்பிடியின் உள்முனையை வெட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.